தேக்காவின் கடைவீடுகள்: நடந்துகொண்டே கேட்கப்பட்ட கேள்விகள்

சிங்கப்பூருக்கு வரும் உறவினர், நண்பர், நண்பரின் சம்பந்தி என்று யாராக இருந்தாலும் தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் காட்டும் வேலை என் தலையில் விழுந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சிராங்கூன் சாலையில் காபி குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினால், கேம்பல் லேன் முனைக்குப் போவதற்குள் முதல் கேள்வி வந்துவிடும். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தேன். நான் கட்டடக்கலைஞன் அல்லன். அரசு ஊழியனும் அல்லன். இங்கே பிறந்து வளர்ந்து, இந்தத் தெருக்களில் மளிகைப் பை தூக்கியவன்.

கடைவீடு, கடைவீடு என்கிறீர்களே, அது கடையா, வீடா?

இரண்டும்தான். கீழே கடை, மேலே குடித்தனம். அகலம் பதினாறு முதல் இருபது அடி. நீளம் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும். இருபுறமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் என்பதால் பக்கவாட்டில் சன்னல் வைக்க வழியில்லை. வெளிச்சமும் காற்றும் நடுவில் வானம் பார்த்த முற்றம் வழியாக இறங்கும். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதைப் பார்த்ததும், "எங்கள் வீட்டு முற்றத்தைச் சுருக்கி வைத்ததுபோல் இருக்கிறதே" என்பார்கள். உறவு கொண்டாட ஆசைதான். ஆனால் இந்த அமைப்பின் மூலம் பெரும்பாலும் தென்சீனத்து ஊர்களில் இருக்கிறது.

1840களிலிருந்து 1960கள் வரை இவற்றைக் கட்டியிருக்கிறார்கள். அதனால் எல்லாம் ஒரே முகமாக இராது. மிகப் பழையவை குள்ளமாக, அலங்காரம் இல்லாமல், மேல்மாடியில் இரண்டே சன்னலோடு இருக்கும். 1900க்குப் பின் ரப்பர், ஈயப் பணம் புழங்கியபோது கட்டியவற்றில் பூத்தட்டு, மலர்க்கொடி, வண்ண ஓடு என்று சுதை வேலையைக் கொட்டியிருப்பார்கள். 1930களுக்குப் பிறகு வந்தவை நேர்கோடும் கான்கிரீட்டுமாக அடங்கிவிட்டன. ஒரே தெருவில் மூன்று தலைமுறையின் ரசனை தோளோடு தோள் நிற்கும்.

இந்த வட்டாரத்தைக் காப்பாற்றியது யார், எப்போது?

நகர மறுசீரமைப்பு ஆணையம் 1986இல் ஒரு பேணிக்காப்புத் திட்டத்தை அறிவித்தது. 1989இல் திட்டமிடல் சட்டம் திருத்தப்பட்டு, பழைய கட்டடங்களைக் காக்கும் அதிகாரம் அந்த ஆணையத்திடமே தரப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 7ஆம் தேதி முதல் பத்து வட்டாரங்கள் அரசிதழில் இடம்பெற்றன. சைனாடவுனின் நான்கு பகுதிகள், கம்போங் கிளாம், போட் கீ, கிளார்க் கீ, கேர்ன்ஹில், எமரால்டு ஹில் ஆகியவற்றோடு லிட்டில் இந்தியாவும் அந்தப் பத்தில் ஒன்று. ஒரே நாளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் சட்டத்தின் நிழலுக்குள் வந்தன. இன்று அந்த எண்ணிக்கை 7,200ஐத் தாண்டிவிட்டது.

ஓர் ஊரில் எந்த மனையில் எத்தனை மாடி எழுப்பலாம், எங்கே கடை, எங்கே வீடு என்று வரையறுக்கும் பெருந்திட்டத்தைப் போடுவதும் இந்த ஆணையம்தான். அதனால் "இது காக்கவேண்டிய வட்டாரம்" என்ற கோடு, மாடிக் கணக்கு எழுதிய அதே வரைபடத்தில் விழுகிறது. காக்கச் சொல்ல ஓர் அலுவலகம், இடிக்க அனுமதி கொடுக்க இன்னோர் அலுவலகம் என்ற கூத்து இங்கே குறைவு. சிங்கப்பூரின் வெற்றி என்று சொல்வதில் பாதி இந்த ஒரு ஏற்பாட்டால் வந்தது என்பது என் எண்ணம்.

எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிய ஊர் திடீரென்று மனம் மாறியது எப்படி?

பழமையின் மேல் பொங்கிய பாசம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அறுபது, எழுபதுகளில் நகரத்தின் நடுப்பகுதியில் குடும்பங்கள் அறைக்கு அறை தடுப்புப் போட்டு நெருக்கியடித்துக் கிடந்தன. வீடு கட்டுவதுதான் அன்றைய முதல் வேலை. எண்பதுகளில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மரினாவில் கடலைத் தூர்த்து எடுத்த நிலம், புதிய அலுவலகக் கோபுரங்களுக்கு இடம் கொடுத்தது. பழைய தெருக்களை இடித்தே தீரவேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்தது.

இதோடு 1983இல் சுற்றுப்பயணிகள் வருகையும் குறைந்தது. நியூயார்க்கைப்போல் ஒரு நகரத்தைப் பார்க்க யாரும் இவ்வளவு தூரம் வரமாட்டார்கள் என்று உறைத்தது. மனசாட்சியும் வேலை செய்திருக்கலாம். கணக்குப் புத்தகமும் வேலை செய்தது.

தேசிய நினைவுச் சின்னமும் பாதுகாக்கப்பட்ட கட்டடமும் ஒன்றுதானே?

இல்லை. நினைவுச் சின்னங்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது. பார்த்துக்கொள்வது தேசிய மரபுடைமைக் கழகம். 1973இல் அறிவித்த முதல் எட்டில் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் இருக்கும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் உண்டு. லிட்டில் இந்தியாப் பக்கம் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயில் 1978இல் சேர்ந்தது. டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் 1979இல். அந்தப் பள்ளிவாசலின் வாசலுக்கு மேலே சூரியக் கடிகாரம்போல் ஓர் அலங்காரம் உண்டு. இருபத்தைந்து கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். அவசரமாக நடப்பவர்கள் இதைத் தவறவிட்டுவிடுவார்கள்.

நினைவுச் சின்னம் தனி ஆளுக்குக் கிடைக்கும் விருதுபோல. வட்டாரப் பேணிக்காப்பு ஊருக்கே போடும் வேலி. தனித்தனியாகப் பார்த்தால் டன்லப் ஸ்திரீட்டின் ஒரு கடைவீட்டுக்கு எந்த விருதும் கிடைக்காது. வரிசையாக நிற்பதுதான் அதன் மதிப்பு.

என் சொந்தக் கட்டடத்தை என்னைக் கேட்காமலே பட்டியலில் சேர்த்துவிடுவார்களா?

சேர்க்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தேசிய வளர்ச்சி அமைச்சர் அறிவித்தால் போதும். நடைமுறையில் ஆணையம் உரிமையாளரோடு முன்கூட்டியே பேசும். கட்டடக்கலையில் அரிதானதா, வரலாற்றில் இடம் உண்டா, சுற்றுப்புறத்துக்கு அடையாளம் தருகிறதா என்று பார்ப்பார்கள். காத்தால் ஏற்படும் பொருளாதார விளைவையும் எடைபோடுவார்கள். உரிமையாளரே முன்வந்து விண்ணப்பிக்கும் வழியும் 1991 முதல் உண்டு.

கேட்பவர் முகம் இந்த இடத்தில் சுருங்கும். சொத்து என்றால் நமக்கு மேலே வானம்வரை, கீழே பாதாளம்வரை. ஆனால் சிங்கப்பூரில் எந்த மனையிலும் நினைத்த உயரத்துக்கு எழுப்ப முடியாது என்பதை நினைவில் வைத்தால் அதிர்ச்சி குறையும். மாடிக்கு வரம்பு வைப்பதை ஏற்றுக்கொள்பவர், ஓட்டுக்கூரைக்கு வரம்பு வைத்தால் மட்டும் ஏன் கோபப்படுகிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஓர் ஆணி அடிக்கக்கூட அனுமதி வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

ஆணிக்கு வேண்டாம். கட்டடத்தின் உடம்பைத் தொடும் வேலைக்கு வேண்டும். முகப்பு, பொதுச்சுவர், மர உத்தரங்கள், மரப்படிக்கட்டு, சன்னல்கள், உள்முற்றம், பின்கட்டு, களிமண் ஓட்டுக்கூரை, வீட்டின் முன்னால் கூரையிட்டு ஓடும் ஐந்தடி நடைபாதை ஆகியவையே காக்கவேண்டிய உறுப்புகள். முதலில் இருப்பதை அதிகபட்சம் அப்படியே வைத்துக்கொள். பிறகு பழுது பார். முடியாத இடத்தில் மட்டும் பழையதுபோல் புதியது செய். இந்த வரிசைதான் விதியின் சாரம்.

உள்ளே வேண்டிய வசதி செய்துகொள்ளத் தடையில்லை. கழிவறை, மின்சாரம், குளிரூட்டி எல்லாம் வரலாம். குளிரூட்டியின் வெளிப்பெட்டி தெருவைப் பார்த்துத் தொங்கக்கூடாது, அவ்வளவுதான். கூரையின் கீழே பரண்போல் ஒரு தளம் சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. பழைய வீட்டில் பழைய மாதிரியே பாயில் படுத்துத் தவம் செய் என்று யாரும் சொல்லவில்லை.

முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் ஐந்து மாடி எழுப்பினால் என்ன?

எந்த வட்டாரம் என்பதைப் பொறுத்தது. லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம், போட் கீ ஆகிய நான்கும் வரலாற்று வட்டாரங்கள். இங்கே கட்டடம் முழுவதையும் காக்கவேண்டும். எமரால்டு ஹில் போன்ற குடியிருப்பு வட்டாரங்களில் பின்புறம் நீட்டிக்கலாம். ஆனால் அது முன்கூரைக்கு மேலே தலைகாட்டக்கூடாது. ஜூ சியாட், கேலாங், ஜாலான் புசார் போன்ற, சற்றுப் பிந்தி வளர்ந்த இடங்களில் முன்கட்டை வைத்துக்கொண்டு பின்னால் உயரமாகவே எழுப்பலாம். அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு.

தூய்மைவாதிகள் இந்தத் தரப்பிரிவினையைப் பிடிக்காமல் பல்லைக் கடிப்பார்கள். ஜாலான் புசாரில் பழைய முகத்துக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டி எழுந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே கடுமையைப் போட்டிருந்தால் 7,200 என்ற எண்ணிக்கை வந்திருக்குமா என்று கேட்டுக்கொள்வேன். வந்திருக்காது.

நடுவில் ஒரே ஒரு வீடு போனால் என்ன? மற்றவை இருக்கின்றனவே?

முதல் பதிலில் சொன்ன பொதுச்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். தரையைத் தாங்கும் மர உத்தரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போகின்றன. வீட்டின் அகலமே கிடைத்த மரத்தின் நீளத்தால் அமைந்ததுதான். ஒரே சுவரில் இந்த வீட்டு உத்தரமும் அடுத்த வீட்டு உத்தரமும் இரண்டு பக்கமும் செருகியிருக்கும். நடுவில் ஒன்றைப் பிடுங்கினால் இருபுறத்துச் சுவர்களும் பிடிமானம் இழக்கும், மழை படாத சுவர் மழையில் நனையும், விரிசல் விழும். பல்லைப் பிடுங்கிய பிறகு பக்கத்துப் பல் சாய்வதைப்போல.

வரிசையாகக் காப்பது அழகுக்காக மட்டும் அல்ல என்று இந்த இடத்தில் பொறியாளர்கள் யாராவது இருந்தால் தலையாட்டுவார்கள்.

சுவரெல்லாம் ஈரம் ஏறிக் காரை உதிர்கிறது. கனமாகச் சிமெண்டு பூசிவிட்டால் சரியாகிவிடாதா?

சரியானதுபோல் ஓராண்டு தெரியும். இந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். தரையிலிருந்து ஈரம் ஏறினாலும் சுண்ணாம்பு அதை வெளியே மூச்சாக விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசி, அதற்கும் மேலே நீர் புகாத வண்ணம் அடித்தால் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் மேலே ஏறும். உப்பு பூத்து, சிமெண்டுப் பூச்சு பாளம் பாளமாகச் செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும்.

சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கைகள் குறைந்துவிட்டன. இருப்பவர்களுக்குக் கூலி அதிகம். பழைய வீட்டைப் பேணும் செலவில் பெரும்பங்கு இப்படிப்பட்ட கைகளுக்கும் நல்ல மரத்துக்கும் போகிறது.

கெர்பாவ் ரோட்டு வண்ண வீடு அந்தக் காலத்திலேயே அப்படித்தான் இருந்ததா?

நீங்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்த வீட்டை 1900இல் டான் டெங் நியா என்ற சீன வணிகர் கட்டினார். லிட்டில் இந்தியாவில் எஞ்சிய கடைசிச் சீன மாளிகை. 1980களில் பழுது பார்த்துக் காத்தார்கள். சன்னலுக்கு ஒரு நிறம், கதவின் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம் என்ற இன்றைய வானவில் பின்னாளைய உற்சாகம். அக்காலக் கடைவீடுகளில் சுண்ணாம்பில் நீலமோ காவியோ கலந்த வெளிர் நிறங்கள்தான் வழக்கம். கெர்பாவ் என்றால் மலாயில் எருமை. பக்கத்திலேயே பஃப்ளோ ரோடு. இந்த வட்டாரம் மாட்டுத் தொழுவங்களாக இருந்த காலத்தின் மிச்சம் அந்தப் பெயர்கள். பெயர்ப்பலகைகளையும் மரபுடைமைக் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

இவ்வளவு விதி போடும் அரசு, செலவுக்குப் பணம் தருகிறதா?

தனியார் கடைவீட்டுக்கு நேரடியாகக் கையில் தருவதில்லை. பதிலாகச் சில கட்டணங்களைத் தள்ளுபடி செய்கிறது. கட்டடத்தின் பயன்பாடு மாறும்போது செலுத்தவேண்டிய மேம்பாட்டுக் கட்டணம், கார் நிறுத்துமிடம் இல்லாததற்கான கட்டணம் போன்றவை. நூறாண்டுக் கடைவீட்டில் கார் நிறுத்த எங்கே இடம்? அந்த ஒரு விலக்கு இல்லாவிட்டால் பல வீடுகள் சீரமைப்பே கண்டிருக்காது. நினைவுச் சின்னங்களாக இருக்கும் வழிபாட்டுத் தலங்கள் பழுதுபார்க்க மரபுடைமைக் கழகத்தின் வழியாக உதவி நிதி பெறலாம்.

அரசு தானே முன்னால் இறங்கி வழிகாட்டியதும் உண்டு. எண்பதுகளின் பிற்பகுதியில் தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளைச் சோதனை முயற்சியாக ஆணையமே புதுப்பித்தது. அதைப் பார்த்த பிறகுதான் தனியார் நம்பிக்கை கொண்டார்கள். இன்று கடைவீட்டு விலையைக் கேட்டால் மயக்கம் வரும். யாரும் உதவித்தொகை தேவைப்படும் நிலையில் இல்லை.

முன்பு மேல்மாடியில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள்?

இதற்கு வாடகைக் கட்டுப்பாட்டைப்பற்றிச் சொல்லியாகவேண்டும். போருக்குப்பின் 1947இல் வந்த சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையைப் பழைய தொகையிலேயே கட்டிவைத்தது. ஏழைக்கு நிழல் தந்த சட்டம் அது. ஆனால் மாதம் சில வெள்ளி (டாலர்) வாடகை வாங்கும் வீட்டுக்காரர் கூரை ஓட்டை மாற்றுவாரா? நாற்பது ஆண்டுகள் ஒரு பழுதும் பார்க்காமல் விட்டார்கள். இடியாமல் இருந்ததற்கும் அதே சட்டம் ஒரு காரணம்: குடித்தனக்காரரை வெளியேற்ற முடியாததால் புதிதாகக் கட்டவும் முடியவில்லை. காப்பாற்றியதும் அதுவே, சிதைய விட்டதும் அதுவே.

பேணிக்காப்பு தொடங்கியபோது கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். 2001இல் முழுவதும் நீங்கியது. குடியிருந்தவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிகளுக்கும் தெருவோர வியாபாரிகள் உணவங்காடி, சந்தைக் கட்டடங்களுக்கும் போனார்கள். 1982இல் திறந்த இன்றைய தேக்கா நிலையம் அப்படி வந்ததுதான். என் பாட்டி அடுக்குமாடிக்குப் போன நாளில் குழாயைத் திறந்து திறந்து பார்த்தாராம். பழைய மாடி வீட்டுக்காக அவர் ஒருநாளும் ஏங்கியதில்லை. ஏங்குவதெல்லாம் அங்கே வாழாத நாங்கள்தான்.

ஐந்தடி நடைபாதை முழுக்கக் கடைச் சாமான். இதற்குச் சட்டம் இல்லையா?

1822இலிருந்து சட்டம் இருக்கிறது. ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்திலேயே ஒவ்வொரு வீட்டின் முன்னும் தொடர்ச்சியான கூரையிட்ட வழி, எப்போதும் திறந்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். இடம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. அன்று தொடங்கிய இழுபறி இன்னும் ஓயவில்லை. 1888இல் நகராட்சி தாழ்வாரங்களைக் காலிசெய்யக் கிளம்பியபோது கடைகள் அடைத்து, கல்லெறிந்து, அது தாழ்வாரக் கலவரம் என்றே பெயர் பெற்றது.

எனவே கேம்பல் லேனில் காய்கறிக் கூடையைச் சுற்றிக்கொண்டு நடக்கநேர்ந்தால் எரிச்சல்படாதீர்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் புகார் சொன்னால் மட்டும் நான் அவர்கள் பக்கம்.

கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தவேண்டும். நினைவுச் சின்னம் என்றால் வண்ணம்கூட அடிக்க முடியாதே?

நல்ல கேள்வி. பேணிக்காப்பு என்னும் கருத்தே, பழைய பொருளின் மேல் கைவைக்காதே என்று தொடங்குகிறது. நம் கோயில் மரபோ, புதுப்பித்துக்கொண்டே இரு, அதுதான் உயிர் என்கிறது. 1827இல் நாராயண பிள்ளை தொடங்கிய மாரியம்மன் கோயில் ஒரு குடிசையாகத்தான் ஆரம்பித்தது. இன்றைய கோபுரமும் சுதையும் பல திருப்பணிகளில் சேர்ந்தவை. எந்த ஆண்டின் கோலத்தை "அசல்" என்று நிறுத்துவது?

நடைமுறையில் ஒப்புதல் பெற்றுச் செய்கிறார்கள். 2010இலும் 2023இலும் அங்கே குடமுழுக்கு நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து சிற்பிகள் வந்து சுதையைப் பழுது பார்த்தார்கள். இன்னும் விசித்திரம் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில். 1859இல் செட்டியார்கள் எழுப்பியது. ஆனால் பழைய கட்டடத்தை எடுத்துவிட்டு இன்றைய கோயிலைக் கட்டிக் குடமுழுக்குச் செய்தது 1983இல். 2014இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. காத்தது கல்லையா, அங்கே விடாமல் நடக்கும் வழிபாட்டையா? தைப்பூசத்தன்று பால்குடத்தோடு வரிசையில் நிற்பவரைக் கேட்டால் பதில் உடனே வரும்.

காப்பாற்ற முடியாமல் போனது எதுவும் இல்லையா?

உண்டு, வலிக்கும் அளவுக்கு. ஸ்டாம்ஃபோர்டு ரோட்டில் 1960இல் திறந்த செங்கல் நிறத் தேசிய நூலகம். சுரங்கச்சாலைக்காக 2004இல் இடித்தார்கள். மக்கள் கடிதம் எழுதினார்கள், மாற்று வழி வரைந்துகூடக் கொடுத்தார்கள். எஞ்சியவை இரண்டு வாயில் தூண்கள்.

அடுத்த சிக்கல் நேற்றையக் கட்டடங்கள். 1976இன் பேர்ல் பேங்க் அடுக்குமாடிக் கோபுரத்தைக் காக்கக் குடியிருந்தவர்களே விண்ணப்பிக்க முயன்றார்கள். அனைவரின் சம்மதமும் கிடைக்கவில்லை. 2018இல் 728 மில்லியன் வெள்ளிக்குக் கூட்டு விற்பனையாகி, பிறகு தரைமட்டமானது. அதற்குப்பின் 1973இன் கோல்டன் மைல் கட்டடத்தின் முறை வந்தபோது ஆணையம் வேறு வழி எடுத்தது. 2021இல் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்து, ஈடாகக் கூடுதல் தளப்பரப்புக் கட்டிக்கொள்ள அனுமதித்தது. 700 மில்லியன் வெள்ளிக்கு வாங்கவும் ஆள் வந்தார்கள். காத்தால் நட்டம் என்று வாதாடுபவரிடம் நான் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன்.

சுவர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. மாவுமில்லும் பூக்கடையும் போய்விட்டன. அப்படியானால் நீங்கள் காத்தது எதை?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று சொல்லலாம். என் தாயார் மிளகாய், மல்லி வறுத்து அரைக்கக் கொடுத்த மில் ஒன்று ஒரு முனையில் இருந்தது. தெருவுக்குள் நுழையும்போதே தும்மல் வரும். வாடகை ஏறியது; மகன்கள் தொழிலுக்கு வரவில்லை; மூடிவிட்டார்கள். இன்று அதே சுவர், அதே சன்னல், அழகாகப் பழுது பார்த்த ஓடு. உள்ளே காபிக் கடை. யாரும் தும்முவதில்லை.

திட்டமிடல் சட்டத்தின் கைக்கு எட்டுவது சுவரும் கூரையும் பயன்பாடும்வரைதான். லிட்டில் இந்தியாவின் மையப்பகுதியில் எந்த வகை வணிகம் வரலாம், எது கூடாது என்ற கட்டுப்பாடு உண்டு. அது ஓரளவு கடிவாளம். ஆனால் "கடை" என்று வரையறுக்கலாம். "நியாய விலைக்கு மல்லிகை விற்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும் கடை" என்று எப்படி வரையறுப்பது? வாடகைக் கட்டுப்பாட்டைத் திரும்பக் கொண்டுவரலாமே என்பார்கள். அதன் கதையை மேலே சொல்லிவிட்டேன். 2025இல் மரபுடைமைக் கழகம் பழந்தொழில்களை அடையாளம் கண்டு கைகொடுக்கும் முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தாமதம்தான், ஆனாலும் கட்டடத்தைத் தாண்டிக் கண் போயிருக்கிறது.

என்னைக் கேட்டால் சட்டத்தைக் குறைசொல்லமாட்டேன். அது இல்லாதிருந்தால் மில்லும் போயிருக்கும், சுவரும் போயிருக்கும். ஆனால் சுவர் நின்றதையே முழு வெற்றி என்று கொண்டாடும் கையேடுகளைப் படிக்கும்போது தும்மல் நினைவுக்கு வருகிறது.

பினாங்குக்கு யுனெஸ்கோ பட்டம் இருக்கிறதே, இங்கே ஏன் இல்லை?

பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008இல் மலாக்காவோடு சேர்ந்து உலக மரபுடைமைத் தலமானது. சிங்கப்பூருக்கு அந்தப் பட்டம் 2015இல் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்குத்தான் கிடைத்தது. பட்டம் வந்தால் எல்லாம் நலம் என்று நினைக்கவேண்டாம். ஜார்ஜ் டவுனில் 2000இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும் பழைய குடித்தனங்கள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பின. பட்டம் கிடைத்த கையோடு 18 மீட்டர் உயரவரம்பைத் தாண்டும் ஓட்டல் திட்டங்களால் பெரும் சர்ச்சை. பழைய வீதிகளும் கோயில்களும் அங்கே இன்னும் தாராளமாக இருக்கின்றன என்பது வேறு விஷயம்; போய்ப் பாருங்கள்.

இதையே சென்னையில் செய்ய முடியாதா?

சென்னையிலிருந்து வருபவர்கள் கேட்காமல் போவதில்லை. இந்தியாவில் இதற்கு முன்னோடி மும்பை. 1995லேயே தரவரிசை போட்ட பட்டியலோடு விதி கொண்டுவந்தார்கள். சென்னையில் அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது வழக்குப் போட்டுத்தான் நிறுத்தவேண்டியிருந்தது. 2010இல் உயர் நீதிமன்றம் அதைக் காக்கச் சொன்னது. தமிழ்நாடு மரபுடைமை ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது; நடைமுறைக்கு வந்தது 2024இல்.

இரண்டாவது பதிலில் சொன்ன ஏற்பாட்டோடு ஒப்பிடுங்கள். நீதிமன்றம் ஒரு கட்டடத்தைக் காப்பாற்றலாம். தெருவைக் காப்பாற்ற மாடிக் கணக்கு எழுதும் வரைபடத்தில் கோடு விழவேண்டும். மயிலாப்பூர் மாடவீதிகளுக்கு அப்படி ஒரு கோடு விழுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே வாக்குப் போடுகிறவர்கள் நீங்கள்.

எங்கே நின்று பார்த்தால் நீங்கள் சொன்னதெல்லாம் கண்ணுக்குத் தெரியும்?

ஞாயிறு மாலை வேண்டாம். தெருவே தெரியாத கூட்டம். வாரநாள் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். முன்பக்கத்தைப் படம் எடுத்து முடித்ததும் பின்சந்துக்குள் போங்கள். 1907இல் வந்த ஒரு சுகாதார அறிக்கைக்குப் பிறகு, முதுகோடு முதுகு ஒட்டிக்கிடந்த வீடுகளின் பின்பகுதியை வெட்டி இந்தச் சந்துகளைத் திறந்தார்கள். மலக்கூடை எடுப்பவர் வரவும், தீப்பிடித்தால் ஓடவும். பின்கட்டின் ஒட்டுப்போட்ட செங்கல், சில இடங்களில் சுழல்படி, உள்முற்றத்திலிருந்து எட்டிப்பார்க்கும் கூரை எல்லாம் அங்கேதான். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டால் தேக்கா நிலையத்தில் அப்பம் தீர்வதற்குள் போய்ச் சேரலாம்.